வெறுப்பு சூழ்ந்த ஊரில் நம்பிக்கையோடு வாழ முடியுமா?

கேள்வி:

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வயது அறுபத்தொன்று. ஞாயிறுதோறும் கோவில் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கிறேன். 1984இல் மாணவியாக இருந்தபோது, இந்தியர்களுக்கென்று தனியாக நடத்தப்பட்ட தேர்தலைப் புறக்கணிக்கச் சொல்லி வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுத்தவள். 1994 ஏப்ரலில் எல்லோரோடும் ஒரே வரிசையில் நின்று வாக்களித்த நாளைப் போல் இன்னொரு நாள் என் வாழ்வில் வந்ததில்லை. அந்த நம்பிக்கையில் இன்று துளியும் மிஞ்சவில்லை.

2021 ஜூலைக் கலவரத்தில் எங்கள் தெருமுனையில் தடுப்பு போட்டார்கள். என் தம்பியும் அங்கே நின்றான். என்னுடன் இருபது ஆண்டுகள் ஒரே பள்ளியில் பணியாற்றிய, பக்கத்து இனாண்டாவில் வசிக்கும் சூலு ஆசிரியை ஒருவர் அன்று மாலை, 'என் அக்கா மகன் வேலை முடிந்து உங்கள் பக்கமாக நடந்து வருகிறான், அந்தப் பாதையில் வரலாமா?' என்று கேட்டுச் செய்தி அனுப்பினார். படித்தேன், என்ன எழுதுவதென்று தெரியாமல் அப்படியே வைத்துவிட்டேன். பையன் அடிபட்டு வீடு சேர்ந்தான் என்று பிறகு வேறொருவர் சொல்லித் தெரிந்தது. அதன்பின் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ஏதோ ஒரு மேடையிலிருந்து 'இந்தியர்கள் கப்பலேறட்டும்' என்ற பேச்சு கிளம்புகிறது. அதற்கு எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் வரும் மறுமொழிகள் அதைவிட மோசமாக இருக்கின்றன. அவற்றை எழுதுவதில் முன்னால் நிற்பவன் என் தம்பி. மகன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போக விண்ணப்பித்துவிட்டான். பட்டாசுச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. இரவில் தூக்கம் இல்லை. இத்தனை வெறுப்புக்கு நடுவில் நம்பிக்கையை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது?

பதில்:

அன்புள்ள அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

நாடு, தேர்தல், மேடைப் பேச்சு, மகனின் பயணம் என்று பெரிய விஷயங்களை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நடுவில் உங்கள் தோழியைப் பற்றி நான்கே வாக்கியங்கள் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டீர்கள். உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அந்த நான்கு வாக்கியங்களில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்கு வருமுன் உங்கள் அச்சத்தைப் பற்றிப் பேசிவிட வேண்டும். ஏனென்றால், அச்சத்தை ஒப்புக்கொள்ளாமல் நம்பிக்கையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அது உங்கள் காதில் ஏறாது.

உங்கள் அச்சம் கற்பனையில் விளைந்தது அன்று. முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா 2021 ஜூலை 7ஆம் தேதி இரவு சிறைக்குச் சென்ற பிறகு வெடித்த கலவரத்தில், உங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்திலும் காவ்டெங் மாகாணத்திலும் சேர்த்து 354 பேர் உயிரிழந்தார்கள். உங்கள் ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர். கடைகளும் கிடங்குகளும் எரிந்துகொண்டிருந்த அந்த நாட்களில் காவல்துறை மக்களைக் கைவிட்டது என்பதைப் பின்னர் நடந்த விசாரணைகளே பதிவு செய்தன. கூப்பிட்டால் வர ஆள் இல்லாத நிலையில் தெருக்காரர்கள் தங்கள் தெருவைத் தாங்களே காத்துக்கொள்ள நினைத்ததை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தடுப்புகளில், பிள்ளைகள் உறங்கும் வீட்டைக் காக்க நின்றவரும், நடந்து போகிறவனின் தோல் நிறத்தைப் பார்த்து அவனைத் திருடன் என்று தீர்மானித்தவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். ஃபீனிக்ஸில் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். நம்மவர்கள் கூடும் இடங்களில் முதல் பாதியை மட்டுமே பேசுகிறோம்; கறுப்பின மக்கள் வாழும் இனாண்டாவிலும் குவாமாஷுவிலும் இரண்டாம் பாதியை மட்டுமே பேசுகிறார்கள். உங்கள் மனம் இரண்டையும் அறிந்திருக்கிறது. இரண்டையும் அறிந்த ஒருவர் ஒன்றை மட்டும் பேசும் கூட்டத்தில் ஆண்டுக்கணக்கில் வாய்மூடி உட்கார்ந்திருந்தால் சோர்ந்துதான் போவார். உங்கள் சோர்வில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது.

இனி நம்பிக்கையைப் பற்றி. 'நம்பிக்கையில் துளியும் மிஞ்சவில்லை' என்று நீங்கள் எழுதும்போது, நாளை இந்த நாடு சீராகும் என்ற கணிப்பு பொய்த்துவிட்டது என்பதையே சொல்கிறீர்கள். கணிப்பு பொய்க்கும். 2024 மே 29ஆம் தேதித் தேர்தலில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் 1994க்குப் பிறகு முதன்முறையாகப் பெரும்பான்மையை இழக்கும் என்பதையோ, எதிரெதிர்க் கட்சிகள் ஒரே அமைச்சரவையில் உட்காரும் என்பதையோ சில ஆண்டுகளுக்கு முன் யாரும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. உளவியலாளர் ஸ்னைடர் நம்பிக்கையை வேறு விதமாகப் பிரித்துக் காட்டினார். அடைய விரும்பும் ஓர் இலக்கு, அதற்குப் போகும் வழி தெரிவது, அந்த வழியில் என்னால் நடக்க முடியும் என்ற எண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் நம்பிக்கை பிறக்கிறது என்பது அவர் கூற்று. நீங்கள் காலையிலிருந்து இரவு வரை பார்க்கும் செய்திகளை இந்த அளவுகோலால் பாருங்கள். பெரிய பெரிய இலக்குகள் அவற்றில் வருகின்றன, பெரிய பெரிய தடைகளும் வருகின்றன. ஃபீனிக்ஸில் இருக்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை நடந்து போகக்கூடிய வழி ஒன்றுகூட வருவதில்லை. அப்படிப்பட்ட செய்தியை எத்தனை மணி நேரம் பார்த்தாலும் மனம் இறங்கத்தான் செய்யும்.

1984ஐ நினைத்துப் பாருங்கள். வெள்ளையருக்கு ஓர் அவை, கலப்பினத்தவருக்கு ஓர் அவை, இந்தியருக்கு ஓர் அவை, ஆப்பிரிக்கருக்கு எதுவும் இல்லை என்று அமைந்த அந்த மூன்றவை நாடாளுமன்றத்தை மறுக்கச் சொல்லி நீங்கள் கதவு தட்டினீர்கள். அந்த ஆகஸ்டில் பதிவு செய்த இந்திய வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கே வாக்களித்தார்கள். நமக்கு மட்டும் தரப்பட்ட சலுகையை, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைக்காத ஒன்று என்பதற்காக நம்மில் பெரும்பாலோர் வேண்டாம் என்று சொன்ன நாள் அது. ஆனால் அப்போது நிலைமை நம்பிக்கை தரும்படியாகவா இருந்தது? மண்டேலா சிறையில் இருந்தார். அடுத்த ஆண்டே நெருக்கடி நிலை வந்தது. பத்தே ஆண்டுகளில் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று வாக்களிப்போம் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நீங்களே சிரித்திருப்பீர்கள். கணிப்பு அவ்வளவு இருண்டிருந்தும் உங்களிடம் நம்பிக்கை இருந்தது. உங்கள் கையில் துண்டறிக்கைகளும், எதிரில் தட்டுவதற்கு ஒரு கதவும் இருந்தன என்பதே அதற்குக் காரணம். இன்று உங்களிடம் இல்லாமல் போனது அந்தக் கதவுதான். அந்தக் கதவு இனாண்டாவில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அன்று மாலை ஏன் உங்களால் பதில் எழுத முடியவில்லை? உங்கள் மனத்தில் என்ன ஓடியது என்பதை நீங்களே அறிவீர்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்கள் சொல்லக் கேட்டதை வைத்து என் ஊகத்தைச் சொல்கிறேன். 'வரலாம்' என்று எழுதி, அவன் வந்து, அவனுக்கு ஏதாவது நேர்ந்தால் என்ன செய்வது என்ற பயம் ஒன்று. 'வர வேண்டாம்' என்று எழுதினால், நம் தெரு ஆண்கள் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதையும், அவர்களில் என் தம்பியும் ஒருவன் என்பதையும் நானே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகுமே என்ற கூச்சம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் விரல் நின்றுவிட்டது. தோழியின் கைப்பேசியில் இரண்டு நீலக் குறிகள் விழுந்திருக்கும். நீங்கள் படித்துவிட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு வந்த மௌனத்தை அவர் எப்படிப் புரிந்துகொண்டிருப்பார் என்பதை நீங்கள் இத்தனை ஆண்டுகளாக நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். நாட்டைப் பற்றிய துயரம் என்ற பெயரில் உங்களை அழுத்துவதில் கணிசமான பங்கு இந்தத் துயரம். நாட்டை உங்களால் இந்த வாரம் சரிசெய்ய முடியாது. அந்தச் செய்திக்குப் பதில் எழுத முடியும்.

எப்படி எழுதுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் தவறாக எழுதுவது மிக எளிது. பூப்படத்தோடு பண்டிகை வாழ்த்து அனுப்பி, எதுவும் நடக்காததுபோல் தொடங்க வேண்டாம். அது அவருடைய காயத்தை இன்னொரு முறை படித்துவிட்டு வைப்பதற்குச் சமம். கையால் ஒரு கடிதம் எழுதுங்கள். அன்று மாலை உங்கள் செய்தியைப் பார்த்தேன், படித்தேன், பதில் எழுதவில்லை, எழுதாததற்குக் காரணம் இது என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். கடைகள் கொள்ளை போனதையும், நீங்கள் எவ்வளவு பயந்திருந்தீர்கள் என்பதையும் அந்தக் கடிதத்தில் சேர்க்காதீர்கள். அவை உண்மை, ஆனால் அவற்றுக்கான இடம் அது அன்று. அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான் என்று அவன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மன்னிப்பு கொடுங்கள் என்று கேட்காதீர்கள். 1996இல் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் ஊர் ஊராக விசாரணை நடத்தியபோது, தன் பிள்ளையை இழந்த தாய் எல்லோரும் பார்க்க மன்னித்தாக வேண்டும் என்ற அழுத்தம் சிலர்மீது விழுந்ததாக அப்போதே ஒரு குறை எழுந்தது. மன்னிப்பைக் கோருவதும் ஒரு கோரிக்கையே. பாதிக்கப்பட்டவர்மீது அது இன்னொரு சுமையாக விழும். உங்கள் கடிதம் எதையும் கேட்காததாக இருக்கட்டும். விருப்பமிருந்தால் சந்திக்கலாம் என்று மட்டும் சொல்லி, இடத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். ஃபீனிக்ஸுக்கு வரச் சொல்லாதீர்கள்.

பதில் வராமல் போகலாம். கோபமாக வரலாம். அப்படி வந்தால் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எது நடந்தாலும், அவருக்கு நீங்கள் தர வேண்டியிருந்த பதிலைத் தந்திருப்பீர்கள்.

இங்கே ஒரு கடினமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பையனை அடித்தவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியுமானால், அல்லது உங்கள் தம்பிக்கு அதில் பங்கு இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் உங்களுக்கு இருக்குமானால், அதை மறைத்துக்கொண்டு எழுதும் கடிதம் நிற்காது. அப்படியானால் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். கூடப் பிறந்தவன் என்பதால் உங்கள் மனம் எவ்வளவு பிளவுபடும் என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமந்துகொண்டே நம்பிக்கை வர வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

இவ்வளவு பெரிய காயத்துக்கு ஒரு கடிதமா என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊரின் வரலாற்றில் இதைவிடப் பெரிய காயத்துக்கு நடுவிலும் இப்படித்தான் தொடங்கினார்கள். 1947 மார்ச் 9ஆம் தேதி ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் தலைவர் டாக்டர் சூமாவும், இந்தியக் காங்கிரஸ் தலைவர்களான டாக்டர் தாதூவும் நம் டர்பன் டாக்டர் மான்ட்டி நாயக்கரும், ஆப்பிரிக்கரும் இந்தியரும் சேர்ந்து போராடுவது என்று ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். அந்த மை காய்ந்து இரண்டாண்டுகள்கூட ஆகவில்லை. 1949 ஜனவரி 13ஆம் தேதி மாலை விக்டோரியா தெருப் பக்கம் ஓர் இந்தியருக்கும் ஆப்பிரிக்கச் சிறுவன் ஒருவனுக்கும் இடையே எழுந்த சண்டை டர்பன் முழுவதும் பற்றிக்கொண்டது. கேட்டோ மேனரில் வீடுகள் எரிந்தன. மூன்று நாட்களில் 142 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஆப்பிரிக்கரும் இருந்தார்கள், இந்தியரும் இருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். உங்கள் பெற்றோர் தலைமுறையில் அதைப் பேசாத வீடு இருந்திருக்காது. உடன்படிக்கை வெறும் காகிதம் என்று அன்று சொல்லியவர்களுக்குப் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்காது. ஆனாலும் சில வாரங்களுக்குள் இரு காங்கிரஸ்களின் தலைவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள், கூட்டாக அறிக்கை விட்டார்கள். 1952 ஜூன் 26ஆம் தேதி தொடங்கிய சட்டமறுப்பு இயக்கத்தில் இரு தரப்பினரும் சேர்ந்து சிறைக்குப் போனார்கள். நாயக்கரும் போனார். கலவரத்துக்கும் இந்தச் சிறைவாசத்துக்கும் நடுவில் கழிந்தது மூன்றரை ஆண்டு.

அதோடு எல்லாம் ஆறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 1985 ஆகஸ்டில் இனாண்டாவில் மறுபடியும் வன்முறை வெடித்தது. அங்கிருந்த இந்தியக் குடும்பங்கள் வீட்டை விட்டு ஓடிவந்தன. அதே இனாண்டாவில் காந்தி 1904இல் அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பு எரிந்தது. அதை மறுபடியும் கட்டி 2000ஆம் ஆண்டில் திறந்தார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் முதல் தலைவர் ஜான் டூபே நிறுவிய ஓலாங்கே பள்ளி இருக்கிறது. மண்டேலா தம் வாழ்வின் முதல் வாக்கை 1994 ஏப்ரல் 27ஆம் தேதி செலுத்தியது அங்கேதான். எரிந்ததும், திரும்பக் கட்டியதும், வாக்களித்ததும் எல்லாம் உங்கள் தோழியின் வீட்டைச் சுற்றியே நடந்திருக்கின்றன. உங்கள் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பல் முதல் இந்தியத் தொழிலாளர்களோடு சென்னையிலிருந்து வந்து சேர்ந்ததைச் சொல்லித்தருகிறோம், தில்லையாடி வள்ளியம்மையைச் சொல்லித்தருகிறோம். 1949ஐயும் 1952ஐயும் சேர்த்துச் சொல்லித்தருவதில்லை. வீட்டில் அரைகுறையாகக் காதில் விழுந்ததை மட்டும் கொண்டு வளரும் பிள்ளைக்கு அச்சம் மட்டுமே சொத்தாகக் கிடைக்கும்.

மனிதர்கள் ஒருவரோடொருவர் பழகினால் வெறுப்பு குறையும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. 1954இல் உளவியலாளர் ஆல்போர்ட் இதற்குச் சில நிபந்தனைகள் சொன்னார்: பழகுபவர்கள் சமநிலையில் இருக்க வேண்டும், பொதுவான ஒரு வேலை இருக்க வேண்டும், அதை ஒத்துழைத்துச் செய்ய வேண்டும், சட்டமோ நிறுவனமோ அதற்குத் துணை நிற்க வேண்டும். பின்னால் பெட்டிகுரூ, டிராப் என்ற இருவர் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பழக்கம் வெறுப்பைப் பொதுவாகக் குறைக்கவே செய்கிறது என்றும், இந்த நிபந்தனைகள் இருக்கும் இடத்தில் கூடுதலாகக் குறைக்கிறது என்றும் 2006இல் எழுதினார்கள். ஆனால் நம் நாட்டிலேயே ஆய்வு செய்த டர்ஹைம், டிக்சன், டிரெடூ ஆகியோர் ஓர் எச்சரிக்கை விடுத்தார்கள்: மேல் கீழ் என்ற நிலை மாறாமல் இருக்கும் இடத்தில் வெறும் இனிய பழக்கம் அநீதியை மூடி மறைக்கவும் உதவும். இது நமக்கு உறைக்க வேண்டிய எச்சரிக்கை. வீட்டு வேலைக்கு வரும் பெண்மணியிடம் அன்பாகப் பேசுகிறோம், அவர் பிள்ளைக்குப் பழைய துணி கொடுக்கிறோம், அதனால் நம்மிடம் இனவெறி இல்லை என்று முடிவு செய்துகொள்கிறோம். அவர் போன பிறகு அதே கூடத்தில் உட்கார்ந்து அவர் இனத்தை என்ன சொல்லால் குறிப்பிடுகிறோம் என்பதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தோடு ஒப்பிட்டால் உங்கள் நட்பு எவ்வளவு அரியது என்று பாருங்கள். ஒரே ஆசிரியர் அறை, ஒரே சம்பள விகிதம், ஒரே விடைத்தாள் கட்டைப் பங்கிட்டுத் திருத்தும் வேலை. இருபது ஆண்டுகள். இப்படி ஓர் உறவு அமையாமலேயே பலர் இந்த நாட்டில் வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். அதனால்தான் அதைக் கைவிட வேண்டாம் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டொங்காட்டின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி அங்கே பல மாதங்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஜூலைக் கலவரம் நடந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. மனநல உதவி செய்ய நான் அந்தப் பக்கம் போயிருந்தபோது, தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்த வரிசையில் சேலை கட்டிய பாட்டி ஒருவரும் குழந்தையை முதுகில் கட்டிய சூலு பெண் ஒருவரும் நின்றார்கள். பாட்டியின் இருபது லிட்டர் கேனை அந்தப் பெண் காலால் முன்னே தள்ளித் தள்ளி நகர்த்திக்கொண்டே வந்தார். அவர் குழந்தைக்குப் பால் கொடுக்க ஒதுங்கியபோது அவருடைய இடத்தைப் பாட்டி காத்தார். நடுவில் ஒருவர் தம் பக்கியை (சிறு சரக்கு வண்டியை) கொண்டுவந்து நிறுத்தி வரிசையில் புகுந்தபோது இருவரும் சேர்ந்து, ஆளுக்கொரு மொழியில், அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அன்று அங்கே யாரும் நல்லிணக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இருவர் கையிலும் காலி கேன், இருவருக்கும் ஒரே லாரி. நான் மேலே சொன்ன நிபந்தனைகளில் பெரும்பாலானவை அந்த வரிசையில் இருந்தன. உங்கள் கோவில் நிர்வாகத்துக்கு நீங்கள் ஏதாவது சொல்ல முடியுமானால், ஆடி மாதக் கூழ் வார்ப்புக்கு அக்கம்பக்கத்தாரை அழைத்துக் கொடுத்து அனுப்புவதோடு நிறுத்தாமல், தெருவிளக்கு, தண்ணீர், குப்பை, பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் பாதையின் பாதுகாப்பு என்று இரு பக்கத்தாருக்கும் சமமாக வலிக்கும் ஒரு வேலையை எடுத்து, இனாண்டாப் பக்கத்து மக்களோடு சமமாக உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள்.

தம்பியைப் பற்றி. குழுவில் எல்லோர் முன்னாலும் அவரைத் திருத்த முயலாதீர்கள். கூட்டத்தின் முன் மனிதர் தம் நிலையை விட்டு இறங்க மாட்டார். நேரில் தனியாக இருக்கும்போது, 'அந்த இரவுகளில் நீ என்ன பார்த்தாய்?' என்று கேளுங்கள். நீங்கள் இதுவரை அதைக் கேட்டதே இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். அங்கே நின்ற ஆண்கள் பலர் அந்த இரவுகளைப் பற்றி வாய் திறந்ததில்லை. பேச முடியாத பயமும் வெட்கமும் குழுவில் வசையாக வெளிவருகின்றன. அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள், ஆனால் கேட்பது வேறு, தலையாட்டுவது வேறு. ஓர் இனத்தையே இழிவாகப் பேசும் இடம் வரும்போது, 'நீ பயந்தாய் என்பதை நம்புகிறேன், இந்தப் பேச்சை ஏற்க மாட்டேன்' என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். குழுவில் சரிபார்க்கப்படாத செய்தி வந்தால், 'இதை யார் நேரில் பார்த்தது?' என்ற ஒற்றைக் கேள்வியை மட்டும் கேளுங்கள், அது போதும். ஜூலைக் கலவரத்தில் மறு பக்கத்தார் படையெடுத்து வருகிறார்கள் என்று இரு பக்கமும் பரவிய பொய்கள் தடுப்புகளில் எவ்வளவு வெறியை ஏற்றின என்பது உங்களுக்குத் தெரியும். குழுவை மௌனமாக்கி வைத்து, நாளில் ஒரு நேரம் மட்டும் திறந்து பாருங்கள்.

'கப்பலேறட்டும்' என்று மேடையில் பேசுபவர்களைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. 1996 அரசியல் சாசனத்தில் போற்றிப் பாதுகாக்கப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழ் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. இங்கே நாம் யார் வீட்டுத் திண்ணையிலும் ஒண்டியிருக்கவில்லை. வெறுப்புப் பேச்சுக்கு எதிராகச் சமத்துவ நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, படிவத்தை நிரப்ப நீதிமன்ற எழுத்தரே உதவுவார். மனித உரிமை ஆணையத்திடமும் போகலாம். இதே சட்டம் நம் பக்கத்தாரையும் கட்டும் என்பதைத் தம்பிக்கும் சொல்லிவையுங்கள்: கடற்கரைக்கு வந்த கறுப்பின மக்களைக் குரங்குகளோடு ஒப்பிட்டு முகநூலில் எழுதிய ஒரு வெள்ளையினப் பெண்மணியை 1,50,000 ராண்ட் செலுத்தும்படி இதே மாகாணத்தின் உம்சிண்டோ சமத்துவ நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது.

மகன் போவதைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை. அது அவருடைய முடிவு. பிள்ளைகளின் பாதுகாப்பை நினைத்துப் புறப்படுபவரிடம் நாட்டுப்பற்றைப் பேசி நிறுத்த முயல்வது நியாயமில்லை. அவர் போவதை நாட்டைப் பற்றிய தீர்ப்பாக நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் போகாமல் இருப்பதற்காக உங்கள் நம்பிக்கையை அவர்மீது ஏற்றவும் வேண்டாம்.

கடைசியாக உங்கள் தூக்கம். வெடிச்சத்தத்துக்கு நெஞ்சு படபடப்பதும், இரவில் விழித்துக்கொண்டே இருப்பதும், அந்தத் தெருமுனையைக் கடக்கத் தயங்குவதும் (தயங்குகிறீர்கள் என்றால்) அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். இதற்கும் அரசியலைப் பற்றிய உங்கள் கருத்துக்கும் சம்பந்தமில்லை. இது உடலும் மனமும் சேர்ந்து படும் நோவு, இதற்குப் பேச்சுவழிச் சிகிச்சை நல்ல பலன் தரும். அருகிலுள்ள அரசு கிளினிக்கில் சொன்னால் உளவியலாளரிடம் அனுப்பிவைப்பார்கள். மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட வேண்டாம். கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள். அவசர அழைப்புக்கு என்று பயந்தால், வீட்டில் இன்னொருவரின் கைப்பேசி எண்ணை மகனிடம் கொடுத்துவையுங்கள். தோழிக்கு எழுதும் கடிதத்தைச் சிகிச்சை முடியும் வரை தள்ளிப்போட வேண்டியதில்லை, இரண்டையும் சேர்ந்தே தொடங்கலாம். எழுதி முடித்ததும் ஓரிரண்டு நாள் வைத்திருந்து மறுபடி படித்துப் பாருங்கள். 'ஆனால்' என்று தொடங்கும் வாக்கியம் ஏதாவது இருந்தால் அதை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.